மில்லுக்கு முறை கிடையாது

அப்பு,

எமர்ஜென்சியை எடுத்துவிட்டு எல்லாரையும் ஓட்டுப் போடச் சொன்னார்களே, டெல்லியிலும் ஆட்சி மாறி, சென்னையிலும் ஆட்சி மாறியதே, அந்த வருடம். அதே வருடத்துக் கார்த்திகையில் பிடித்த மழை விடாமல் ஊற்றி, மலைப்பாதையில் மண் சரிந்து, ஜீப்பு ஏற முடியாமல் ஏலக்காய் மூட்டையெல்லாம் தலைச்சுமையாகப் போடிக்கு இறங்கியது. தேவாரம் பக்கம் யானை வந்து வாழைத்தோப்பை மிதித்துப் போட்டதும் அப்போதுதான். நீ ஐந்தாம் வகுப்பு. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட குஷியில் ஓடைக்கரையில் நண்டு பிடித்துக்கொண்டு திரிந்தாய். திண்டுக்கல்காரர் நம் ஊருக்கு முதன்முதலாக வந்தது அந்த மழை வெறித்த கையோடு. வருடத்தை இவ்வளவு ஊன்றிச் சொல்லக் காரணம் உண்டு. தீபாவளிக்கு வந்திருந்தபோது, “அதெல்லாம் எப்பவோ நடந்த கதைய்யா” என்று கையை உதறினாய். எப்பவோ இல்லை. நீ பார்க்க நடந்தது.

நீ துபாய் போவதில் எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. போ. இங்கே இருந்து வயலைப் பார் என்று நான் சொல்லப்போவதில்லை. பார்க்கிற மாதிரி வயல் இங்கே எதுவும் இல்லை. ஆனால் மில்லை ஒட்டியிருக்கும் நம் வயலை, தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருக்கிற அந்தத் திண்டுக்கல்காரருக்குக் கிரயம் பண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்கிறாய் பார், அதுதான் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. அந்த வயல் உன் ஆத்தாளுக்கு அவள் தகப்பனார் கொடுத்தது. கண்ணை மூடும் முன் அவள் உன் பெயருக்கு எழுதி வைத்தாள். ஆகவே என் கைநாட்டுகூட உனக்குத் தேவையில்லை. ரிஜிஸ்தர் ஆபீசில் என்னை யாரும் தேடப்போவதும் இல்லை. தடுக்க முடியாதவன் பேசத்தான் முடியும். பேசுகிறேன்.

எழுதுவது உன் அக்கா. தொடங்குவதற்கு முன்னாலேயே, “கோவத்தக் கொஞ்சம் கொறைச்சு எழுதட்டுமாய்யா?” என்று கேட்டாள். “எங் கோவத்துல நீ கை வைக்காத. சொன்னத எழுது” என்றேன். முடித்ததும் டீக்கடையில் எல்லாரும் கேட்க ஒரு தரம் வாசித்துவிட்டுத்தான் தபாலில் சேர்க்கப் போகிறோம். நம் வீட்டு விஷயம் மட்டும் என்றால் கவருக்குள் ஒட்டி அனுப்பலாம். இது வாய்க்கால் விஷயம்.

அந்த மில் கட்டடம் தோல் ஷாப்பாகப் பிறக்கவில்லை, அப்பு. மலைமேல் காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது. தோட்டத்துக்குக் கூட்டிப்போகும் ஆட்களுக்குக் கஞ்சிக்குக் கேழ்வரகு மாவு வேண்டும். தானியத்தை மேலே ஏற்றி அங்கே அரைப்பதைவிட, அடிவாரத்திலேயே அரைத்துக் கழுதைமேல் ஏற்றிவிடுவது லேசு என்று அவனுக்குப் பட்டது. நம் ஓடையிலிருந்து பிரிகிற வாய்க்கால் தலைப்பில் கட்டடத்தைக் கட்டி, தண்ணீர் மேலிருந்து விழுந்து சுற்றுகிற மாதிரி பெரிய மரச் சக்கரம் ஒன்றை வைத்தான். சக்கரம் வெளியே சுற்றினால் உள்ளே கல் சுற்றும். அந்தச் சக்கரத்துக்கு மலையிலிருந்து மரம் சுமந்து இறக்கிய ஆட்களில் என் தகப்பனாரும் ஒருவர். துரை கப்பல் ஏறிய பிறகு மில் போடி வியாபாரி ஒருவர் கைக்கு வந்தது. ஓட்டியது சுப்பையா. தலையும் புருவமும் மாவாகவே திரிவார். “சுப்பையா, ஒன்னய ஒதறுனா ஒரு வேளைக் களி கிண்டலாம்யா” என்று பெண்கள் கேலி பேசுவார்கள்.

இப்போது நீ கவனமாகக் கேட்க வேண்டிய இடம். நம் வாய்க்காலில் யார் எப்போது தன் வயலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொள்ளலாம் என்பதற்கு முறை உண்டு. தன் முறை வந்தவன் மடையைத் திறப்பான். முடிந்ததும் அடைத்துவிட்டு அடுத்தவனுக்கு விடுவான். அண்ணன் தம்பியானாலும் முறை மாறிக் கை வைக்க முடியாது. துரை மில் கட்ட வந்தபோது ஊர்ப் பெரியவர்கள் கருப்பசாமி கோயிலில் கூடி, உனக்கு எத்தனை முறை வேண்டும் என்று கேட்டார்களாம். துரையின் கணக்கப்பிள்ளை சொன்ன பதில் இது: “மில்லு தண்ணியக் குடிக்காது சாமி. சக்கரத்துல விழுந்து அப்படியே ஒங்க வாய்க்காலுக்கே போயிரும். அதுக்கு எதுக்கு முறை?” நியாயமான பேச்சு. அதனால் அன்றைக்கு ஊர் சொல்லிவிட்டது: மில்லுக்கு முறை கிடையாது. யார் முறையானாலும் தண்ணீர் மில்லைத் தாண்டித்தான் வர வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் யாரும் மடை போடக்கூடாது. அப்படியே மில்லும் ஒரு சொட்டைத் தேக்கக்கூடாது. கருப்பசாமி முன்னால் சொன்ன சொல். அந்தச் சொல்லில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சக்கரத்தில் விழுந்த தண்ணீரை நானே குனிந்து அள்ளிக் குடித்திருக்கிறேன்.

பிறகு ஊருக்குள் கரண்டு மில் வந்தது. பெண்கள் அரைக்கிற பொட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். தண்ணீர் மில் சும்மா கிடந்தது. சக்கரம் மட்டும் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது; சுப்பையா அதைப் பார்த்துக்கொண்டு பீடி குடிப்பார். அந்த நிலைமையில்தான் திண்டுக்கல்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வாய் நிறைய மரியாதை. மில்லைக் குத்தகைக்கு எடுத்திருப்பதாகவும், ஆவாரம்பட்டை அரைத்துத் திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்கு அனுப்பப் போவதாகவும் சொன்னார். தோல் பதப்படுத்த அந்தப் பட்டைத்தூள் வேண்டுமாம். ஊர்ப் பெரியவர் குமாரசாமியிடம், “தண்ணி விசயத்துல ஒங்க ஊரு வழக்கம் எப்படிங்கய்யா?” என்று அவராகவே கேட்டார். குமாரசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. முழுக் கதையையும் சொன்னார். கேட்டு முடித்ததும் அந்த மனுசர் கையெடுத்துக் கும்பிட்டார். “ஊரு வழக்கத்த நான் ஒருநாளும் மீற மாட்டேங்கய்யா” என்றார்.

மீறவில்லை, அப்பு. இன்றுவரை மீறவில்லை. மீறியிருந்தால் அன்றைக்கே மூட்டை கட்ட வைத்திருப்போம்.

முதல் சில வருடம் நன்றாகத்தான் இருந்தது. நான் மறைக்கவில்லை. கரட்டுக்காட்டில் சீந்துவார் இல்லாமல் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்த ஆவாரஞ்செடிக்கு மதிப்பு வந்தது. நானும் உன் ஆத்தாளும் பட்டை உரித்து, கட்டுக் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு போய் மில் வாசலில் போடுவோம். நீ ஆறாம் வகுப்புக்குப் போடி பள்ளிக்கூடம் போனபோது போட்டிருந்த கால்சட்டை அந்தப் பட்டையில் வந்தது. அரைத்த கல் அதேதான், சுற்றின சக்கரம் அதேதான். பிறகு ஒரு லாரியில் உப்புப் போட்ட ஆட்டுத்தோல் லோடு வந்து இறங்கியது. பட்டையை இங்கே அரைத்துத் திண்டுக்கல்லுக்குச் சுமப்பதைவிட, தோலையே இங்கே கொண்டுவந்துவிட்டால் வேலை சுருக்கம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மில்லுக்குப் பின்னால் தொட்டி கட்டினார். சுண்ணாம்புக் குழி வெட்டினார். பட்டை அரைக்கக் கரண்டு மோட்டார் வைத்தார். சக்கரத்தில் விழ வேண்டிய தண்ணீர் தொட்டியில் விழுந்தது. அங்கே தோலை ஊறப்போட்டு, மயிர் கழித்து, சதை சுரண்டி, எல்லாவற்றையும் அலசிக்கொண்டு வாய்க்காலுக்கு வந்தது. தண்ணீரைத் தேக்கினாரா? இல்லை. முறை கேட்டாரா? அதுவும் இல்லை. எந்த நேரமும் அவர் வழியாகப் போய்க்கொண்டே இருந்தது.

முதலில் மாடு வாய் வைக்க மறுத்தது. அடுத்து நாற்று மஞ்சளடித்தது. வெயில் காலத்தில் வரப்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. போடிக்குப் பஸ்சில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவான். ராசிங்காபுரத்திலிருந்து நம் ஊருக்குப் பெண் கொடுப்பதாகப் பேசியிருந்தவர்கள், கிணற்றுத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் வண்டி ஏறினார்கள். உள்ளே வேலை பார்த்தவர்களை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். சுண்ணாம்பில் முதலில் வெந்தது அவர்கள் கையும் காலும்தான்.

அப்புறம்தான் கோயிலில் கூட்டம் போட்டோம். கடைசி வயல்காரன் மொக்கைச்சாமி எழுந்து, “எனக்கு உப்பு வாங்குற செலவே இல்லப்பா. வரப்புல வழிச்சு கஞ்சியில போட்டுக்கிர்றேன்” என்றான். எல்லாரும் சிரித்தோம். ஓரமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து உன் அத்தை செல்லம்மாவின் குரல் வந்தது. என் கூடப் பிறந்தவள் சும்மா இருந்தால்தானே அதிசயம்.

“ஏண்ணே, மில்லு தண்ணி குடிக்காதுன்னுதான முறை கெடையாதுன்னீங்க? இது குடிக்குதுல்ல? குடிச்சிட்டு நம்ம வாயிலல்ல கொப்பளிக்குது!”

குமாரசாமிப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, ஆம்பளைக பேசிக்கிட்டிருக்கோம்ல?”

“எங்க பேசுனீங்க? சிரிச்சுக்கிட்டுல்ல இருந்தீங்க. சக்கரமே நின்னு போச்சு. இன்னும் எந்தச் சக்கரத்துக்கு முன்னால மடை போடக்கூடாதுங்குறீக? மில்லுக்கு மேல ஒரு மடையப் போட்டு, தண்ணியச் சுத்திக் கொண்டாங்க. ஒரு நாள் சோலி.”

அவள் புருஷன், உன் மாமன், “நீ வீட்டுக்குப் போடி” என்று பல்லைக் கடித்தார். ஆனால் இளவட்டங்கள் சிலபேர் மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. குமாரசாமி எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்.

“போட்டிரலாம்ப்பா. மடைதான, போட்டிரலாம். மில்லுக்கு முறை கெடையாதுங்கறது இந்தக் கோயில்ல சொன்ன வாய்ச்சொல்லு. இன்னைக்கு நம்மளா அத மீறுறோம். நாளைக்கு மேல்வயக்காரன் வந்து, ஒன் முறை மட்டும் எதுல எழுதிக் கெடக்கு, அதுவும் வாய்ச்சொல்லுதானம்பான். அவன் மடைய அடைச்சா நீ என்னத்தக் காட்டித் தெறப்ப?”

மண்வெட்டிகள் கீழே இறங்கின. எல்லார் முறையும் அதே கோயிலில், அதே மாதிரி வாயால் சொல்லி வந்தவைதான். ஒரு கல்லை உருவினால் சுவர் முழுக்கச் சரியும் என்று பயந்தோம். தண்ணீர் கெட்டாலும் பரவாயில்லை, முறை கெடக்கூடாது என்று முடிவு பண்ணிவிட்டு எழுந்து போனோம். “சாக்கடைக்கு முறை வச்சுக் காவல் காக்கிறீகளா? நல்லாக் காத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு உன் அத்தை முதல் ஆளாக நடந்தாள்.

மதுரைக்குப் போய் மனுக் கொடுத்தோம். அங்கே இருந்த அதிகாரி தன்மையாகத்தான் விசாரித்தார். “அந்த ஆலைக்கு உங்க வாய்க்கால்ல உரிமை உண்டா?” என்றார். இல்லைங்க, மில்லுக்கு முறை கிடையாதுங்க என்றார் குமாரசாமி. “அப்ப அவங்க தண்ணி எடுக்கக் கூடாதுல்ல?” என்றார். எடுத்துக்கிட்டே இருக்கலாமுங்க, அதான் வழக்கம் என்றோம். அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த ஆளைக் குறை சொல்லி என்ன செய்ய? எங்கள் வாயாலேயே இரண்டையும் சொன்னோம். விசாரிக்கிறோம் என்றார். அதற்கப்புறம் பட்டையும் போயிற்று. ஏதோ மருந்தில் தோல் நீலமாக வெளியே வந்தது, வாய்க்காலும் நீலமாக ஓடியது. மரச் சக்கரத்தை உடைத்து விறகாக்கினார்கள்.

இதையெல்லாம் தீபாவளிக்கு நான் ஆரம்பித்தபோதுதான் நீ ஒரு வார்த்தை சொன்னாய். “அந்தத் தண்ணிய நானாய்யா கெடுத்தேன்? நீங்கதான கூடி ஒக்காந்து கெடுத்தீங்க? கெட்ட வயல வித்தா ஒங்களுக்கு என்ன வலிக்குது?” நீ சொன்னது சரிதான். சரியாக இருப்பதுதான் எரிச்சல். அன்று முதல் யோசித்து யோசித்து, பதிலைக் கண்டுபிடித்துவிட்டேன்.

வயலை விற்பது வலிக்கவில்லை. அதில் எள்ளைத் தூவினால்கூட முளைக்காது. ஆனால் அந்த வயலுக்கு முறை உண்டு. வயலோடு முறையும் போகும். இந்த வாய்க்கால் தலைப்பில் இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிற அந்த மனுசருக்கு இல்லாத ஒன்று அது ஒன்றுதான். முறை இல்லாததால்தான் அவர் தண்ணீரைத் தேக்க முடியவில்லை. அழுக்காகவாவது விட்டாக வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் ஓடை பெருகி வரும்போது நல்ல தண்ணீர் கலந்து, கீழே இருக்கிறவர்கள் ஒரு போகமாவது சோளமோ கம்போ எடுக்கிறார்கள். முறை வந்துவிட்டால் அவரும் மடை வைக்கலாம். நம் முறை வருகிற பொழுதெல்லாம் நல்ல தண்ணீரை மொத்தமாகத் தொட்டிக்குத் திருப்பிக்கொண்டு, கழிவை மட்டும் கீழே விடலாம். கோயிலில் கூட்டம் போட்டால் பங்காளியாக வந்து உட்கார்ந்து, கூடாது என்று சொல்லலாம். ஊர் வழக்கப்படியே சொல்லுவார். நாங்கள் முட்டாள்தனமாகக் காப்பாற்றி வைத்த முறையைத் தூக்கி நீ அவர் கையில் கொடுக்கிறாய். அதுதான் வலிக்கிறது. யாருக்காவது விற்றே ஆக வேண்டும் என்றால் கீழ் வயல்காரர்களில் ஒருவருக்கு, வந்த விலைக்குக் கொடு. இல்லையா, முள் முளைக்கப் போட்டுவிட்டுப் போ. துபாயிலிருந்து வந்து நிதானமாக யோசி.

பத்திரம் பதிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறாய். நிலம்தான் அங்கே கைமாறும். முறை கைமாறுவது மடையில். விற்கிறவன் மண்வெட்டியோடு மடைக்கு வந்து, அடுத்த முறைக்கு உரியவரைக் கூப்பிட்டு நிறுத்தி, “என் முறையை இன்னாருக்குக் கொடுக்கிறேன், சம்மதமா?” என்று கேட்க வேண்டும். அவர் சரி என்றால்தான் மண்வெட்டியை வாங்குகிறவன் கையில் கொடுக்கலாம். இல்லை என்றால் நிலம் வெறும் நிலம். உன் புரோக்கர் இதைச் சொல்லியிருக்க மாட்டான். ஆனால் திண்டுக்கல்காரருக்குத் தெரியும். “முறை கைமாறாம நெலம் மட்டும் எனக்கு வேண்டாம்” என்று அவர் சொல்லிவிட்டதாகக் கேள்வி. அவர்தான் ஊர் வழக்கத்தை மீறாதவர் ஆயிற்றே. ஆகவே நீ மடைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

யார் முன்னால் வந்து நிற்கப்போகிறாய் என்பதை யோசித்துக்கொள். எனக்கு அந்த வாய்க்காலில் பங்கு உன் ஆத்தா வழியில்தான். அது உன் பெயருக்குப் போனதோடு நான் கரையில் நிற்கிற ஆள். குமாரசாமிப் பெரியவர் போய்விட்டார். சுப்பையா கம்பத்தில் மகள் வீட்டில் கண்ணை மூடினார். மொக்கைச்சாமி வயலைப் போட்டுவிட்டு மலைக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே காய்ச்சலில் போனான். நமக்கு அடுத்த முறைக்காரர் உன் மாமன். அவரும் போன ஆடியோடு சரி. அவர் முறையை இப்போது மண்வெட்டி பிடித்துத் திருப்புகிறவளுக்கு அந்த ஒரு போகக் கம்புதான் வருடக் கஞ்சி. நான் அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் மாட்டேன். டீக்கடையில் வாசித்தால் அவள் காதுக்குப் போகும், போகட்டும். போனாலும் என்ன? அன்றைக்கு அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே வாயைத் திறந்தவள், நீ வந்து நின்று கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டாள். “எம் மருமகன் கேக்குறான், குடுத்துட்டுப் போறேன்” என்று சிரித்துக்கொண்டே சரி சொல்லிவிடுவாள். அவள் சொல்லிவிடுவாள் என்பதுதான் என் பயமெல்லாம். அந்தக் கூட்டத்தில் பேசினவர்களில் இன்றைக்கு உயிரோடு இருக்கிறவள், உன் அத்தை செல்லம்மா ஒருத்திதான்.